கணுக்கால் பிசகினால்: முதல் நாளிலிருந்து மறுபடி ஆடுகளம் இறங்கும் வரை

கேள்வி இது: வாலிபால் ஆடும் 19 வயதுப் பையன். குதித்து இறங்கும்போது பக்கத்தில் நின்றவர் பாதத்தின் மேல் மிதித்து, இடது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. அன்றைக்கே எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழித்தார்கள். இப்போது ஆறு வாரம் ஆகிறது. வலி பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் சாயங்காலமானால் வீங்குகிறது, மேடுபள்ளத்தில் நடந்தால் மறுபடி மடங்குகிறது. ஜவ்வு கிழிந்திருக்குமா, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, ஆபரேஷன் வரை போகுமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வு ஓரளவாவது கிழிந்துதான் இருக்கும்; சுளுக்கு என்று நாம் சொல்வதே ஜவ்வுக் கிழிசலைத்தான். ஆபரேஷன் அநேகமாக வேண்டியிராது. கால் மறுபடி மறுபடி மடங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், சிகிச்சை பாதியில் நின்றுபோனது. வலி நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். கணுக்காலைப் பொறுத்தவரை முக்கியமான வேலை வலி குறைந்த பிறகுதான் தொடங்குகிறது.

முதலில், ஏன் எப்போதும் உள்பக்கமாகவே மடங்குகிறது என்று பார்ப்போம். இரண்டு கணுக்களையும் விரலால் தடவிப் பாருங்கள். உள்கணுவைவிட வெளிக்கணு எலும்பு சற்றுக் கீழே இறங்கியிருக்கும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தால் அந்த எலும்பு தடுத்துவிடும். உள்பக்கம் சாய்வதற்கு அவ்வளவு தடை கிடையாது. உள்பக்கத்து ஜவ்வும் அகலமானது, தடிப்பானது. வெளிப்பக்கத்தில் இருப்பதோ மூன்று தனித்தனிப் பட்டைகள்: வெளிக்கணுவிலிருந்து முன்பக்கம் போவது ஒன்று, கீழே குதிகால் எலும்புக்குப் போவது ஒன்று, பின்பக்கம் போவது ஒன்று. முன்பக்கம் போவதுதான் மூன்றிலும் பலவீனமானது, முதலில் கிழிவதும் அதுதான். அடி பலமாக இருந்தால் இரண்டாவதும் சேர்ந்து கிழியும். மூன்றாவது கிழிவது அபூர்வம்.

இன்னொன்றும் உண்டு. கணுக்கால் மூட்டுக்குள் பொருந்தி உட்காரும் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை முழுதாக ஊன்றி நிற்கும்போது அகலமான பகுதி குழிக்குள் இறுக்கமாக உட்காரும். விரல் நுனி கீழே பார்க்கும்போது, அதாவது குதித்து இறங்கும்போதும் படியிறங்கும்போதும், குறுகலான பகுதி உள்ளே வந்து மூட்டு ஆட்டம் காணும். பெரும்பாலான பிசகல்கள் அந்த நிலையில்தான் நடக்கின்றன. வாலிபாலில் வலைக்கடியில் எதிராளியின் பாதத்தின் மேல் இறங்குவது இதற்கு நேர் உதாரணம்.

எலும்பு முறிந்திருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய, நம்பகமான முறை இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வெளியிட்டது; ஒட்டாவா விதிகள் என்று பெயர். வெளிக்கணுவின் நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை, எலும்பின் பின்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வரவேண்டும். நுனியையும் அழுத்த வேண்டும். உள்கணுவிலும் இதே மாதிரி. எலும்பின் மேலேயே அழுத்தும்போது ‘ஆ’ என்று வலித்தால் எக்ஸ்ரே தேவை. பிறகு பாதத்தின் வெளி விளிம்பில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் ஏறக்குறைய நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முண்டு. உள்பக்கத்தில், உள்கணுவுக்குக் கீழே சற்று முன்னால் தட்டுப்படும் எலும்பு. இவற்றில் எங்கே அழுத்தி வலித்தாலும் எக்ஸ்ரே, அதுவும் பாதத்துக்கு. கடைசியாக, அடிபட்ட உடனேயும் ஆஸ்பத்திரியிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. நொண்டி நொண்டி நடந்தாலும் நடந்த கணக்குத்தான். இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வீக்கத்தின் அளவை வைத்து முறிவை முடிவு செய்யாதீர்கள். சாதாரணச் சுளுக்கு பெரிதாக வீங்கும். சின்ன முறிவு லேசாக வீங்கிவிட்டு ஏமாற்றும். நான்கைந்து நாளில் குதிகால் ஓரத்திலும் விரலடியிலும் நீலம் பாரிக்கும். உள்ளே கசிந்த ரத்தம் கீழிறங்குவதுதான் அது, புது அடி இல்லை.

இந்த விதிகள் எல்லாருக்கும் பொருந்தாது. வருடக்கணக்கில் சர்க்கரை நோய் இருந்து கால் மரத்துப்போனவர்களுக்கு வலி சரியாகத் தெரியாது. அழுத்தினால் வலிக்கவில்லை என்பதை நம்ப முடியாது. அவர்களுக்குப் பாதமோ கணுக்காலோ சூடாக, சிவந்து, வீங்கி, வலி மட்டும் குறைவாக இருந்தால் அதைச் சுளுக்கு என்று எண்ணி வீட்டில் வைத்திருக்கவே கூடாது. சார்கோ பாதம் என்ற நிலையாக இருக்கலாம். நடக்க நடக்க எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வடிவமே மாறிவிடும். அன்றைக்கே காலை ஊன்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுபிள்ளைகள் விஷயத்திலும் கவனம் தேவை. வளரும் எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு ஜவ்வைவிடப் பலவீனமானது. பெரியவருக்கு ஜவ்வு கிழியும் அதே அடியில் பிள்ளைக்கு அந்தத் தட்டு பெயரலாம்.

சுளுக்கு மாதிரியே தோன்றும் சிலவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முண்டில் வலி என்று சொன்னேனே, அங்கே ஒரு தசையின் நாண் ஒட்டியிருக்கிறது. பாதம் மடங்கும்போது எலும்புத் துணுக்கோடு பிய்த்துக்கொண்டு வரும். அதற்குச் சற்று முன்னால் விரல் பக்கமாக முறிந்தால் அது வேறு வகை, ஆறுவதற்கு அடம்பிடிப்பது. ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் நடனமாடும்போது தன் பாதத்திலேயே அப்படி ஒரு முறிவு ஏற்பட, 1902இல் அதைப் பதிவு செய்தார். இன்றும் ஜோன்ஸ் முறிவு என்றே பெயர். அடுத்து, வலி கணுவுக்குக் கீழே இல்லாமல் மேலே, இரண்டு கால் எலும்புகளும் சேரும் இடத்தில் இருந்தால், கெண்டைக்கால் நடுவில் இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கும்போது அந்த வலி கீழே கணுக்காலருகில் தெரிந்தால், அது மேல்கணுக்கால் ஜவ்வு. பாதம் ஊன்றியிருக்க உடம்பு திரும்பியதால் வருவது. சாதாரணச் சுளுக்கைவிட நாள் அதிகம் பிடிக்கும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ‘டப்’ என்று உணர்ந்து, அதன்பின் நுனிக்காலில் எழ முடியவில்லை என்றால் குதிநாண் அறுந்திருக்கலாம். அதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இனி முதல் இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியவை. ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான், ஜவ்வை ஒட்டவைக்காது. ஈரத்துணியில் சுற்றி 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும். கால் மரத்துப்போனவர்களுக்கு ஐஸ் வேண்டாம். படுக்கும்போது இரண்டு தலையணை மேல் காலை வைத்து, பாதம் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டினால் போதாது, அந்த உயரம் காணாது.

கட்டு விஷயத்தில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. பெரியவர்களுக்கு 4 அங்குல கிரேப் பேண்டேஜ் சரியாக இருக்கும். பாதத்தைக் கீழ்க்காலுக்குச் செங்குத்தாக மடக்கி வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். தொங்கவிட்டுக் கட்டினால் ஜவ்வு இழுபட்ட நிலையிலேயே இருக்கும். விரல்களின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பாதத்தின் மேலாகக் கணுக்காலுக்கு ஏற்றி, பின்னால் சுற்றி மறுபடி பாதத்துக்கு இறக்கி, 8 வடிவில் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். கீழே கொஞ்சம் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. பலபேர் பாதத்தை விட்டுவிட்டுக் கணுக்காலில் மட்டும் இறுக்கிக் கட்டுகிறார்கள். அப்போது கட்டுக்குக் கீழே பாதம் இரண்டு மடங்கு வீங்கிவிடும். கணு எலும்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில்தான் நீர் தேங்கும், பேண்டேஜ் அந்தப் பள்ளத்தைத் தொடாது. பஞ்சையோ தடித்த துணியையோ ‘ப’ வடிவில் மடித்து, திறந்த பக்கம் மேலே இருக்கும்படி கணுவைச் சுற்றி வைத்து, அதன்மேல் கட்டினால் வித்தியாசம் தெரியும். கட்டியபின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு வினாடிக்குள் சிவப்புக்குத் திரும்ப வேண்டும். விரல் நீலமாகி ஜில்லிட்டாலோ மரத்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். தூங்கும்போது கட்டு வேண்டாம்.

வலிக்கு பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டே போட வேண்டும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

சுளுக்கு வழிப்பது பற்றி. முதல் மூன்று நாளில் கிழிந்த சின்ன ரத்தக்குழாய்கள் இன்னும் அடைபட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அழுத்தி வழித்தாலும் சூடு கொடுத்தாலும் கசிவு கூடி வீக்கம் ஏறும். பாதத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும்போது கேட்கும் ‘சொடக்’ சத்தம் நகர்ந்த எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் இல்லை. சுளுக்கில் எலும்பு எங்கும் நகர்வதே கிடையாது. முறிவு இருக்கும் காலை இழுத்தாலோ சேர்ந்திருக்கும் எலும்பு விலகிவிடும். கொதிக்கக் காய்ச்சிய புளி உப்புப் பற்று போட்டுத் தோல் கொப்பளித்தால், வீங்கிய காலில் அந்தப் புண் ஆற நாளாகும். ஒரு வாரத்துக்குப் பிறகு வெதுவெதுப்பான எண்ணெயில் பாதத்திலிருந்து முழங்கால் நோக்கி மெதுவாக நீவிவிடுவதில் தவறில்லை, இறுக்கத்துக்கு இதமாகவே இருக்கும். ஆனால் அது ஜவ்வுக்கு வைத்தியம் ஆகாது.

மற்ற எல்லை, இரண்டு வாரம் படுத்தே கிடப்பது. அதுவும் கெடுதல்தான். கெண்டைச்சதை வேகமாகச் சூம்பிவிடும், மூட்டு இறுகிவிடும். முறிவு இல்லையென்று தெரிந்தால் இரண்டாவது மூன்றாவது நாளிலிருந்தே, வலி பொறுக்கும் அளவுக்குக் காலை ஊன்றி நடக்கலாம். கைத்தடி வைத்தால் அடிபட்ட காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும்: இடது காலில் அடி என்றால் வலது கையில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். தரைக் கழிப்பறையில் குந்துவது கணுக்காலை முழுசாக மடக்கும், முடிந்தால் இரண்டு வாரம் தவிருங்கள். இடது கால் என்றால் கியர் வண்டி வேண்டாம். தளர்ந்த ரப்பர் செருப்பை ஒதுக்கிவிட்டு, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் ஷூவைப் போடுங்கள்.

வீக்கமும் வலியும் உச்சத்தில் இருக்கும் முதல் நாளில் ஜவ்வு எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று டாக்டராலும் சரியாகச் சொல்ல முடியாது. நான்கைந்து நாள் கழித்துப் பாதத்தை முன்னால் இழுத்துப் பார்க்கும் சோதனை தெளிவாகப் பிடிபடும். முழுக் கிழிசல் என்றால் வெறும் துணிக்கட்டை நம்பியிருக்காமல், பிளாஸ்டிக் தகடு வைத்த ஆங்கிள் பிரேஸ், அதாவது கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் உறை, போடுவது நல்லது. மிகவும் கடுமையான சுளுக்குக்கு 10 நாள் மாவுக்கட்டும் போடுவதுண்டு.

அடுத்து பயிற்சி. மூன்றாம் நாளிலிருந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை 10, 15 தடவை. பிறகு கால் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். எல்லாத் திசையிலும் மூட்டு அசையும். முதல் வாரக் கடைசியில், காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைப் பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்து 30 வினாடி பிடியுங்கள், மூன்று தடவை.

மூட்டு முழுசாக மடங்குகிறதா என்று அளக்கச் சுவர் போதும். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். எவ்வளவு தூரம் கட்டைவிரலைப் பின்னால் தள்ளியும் தொட முடிகிறது என்று அளவுகோலால் அளவுங்கள். பலருக்கு 10 செ.மீ. வாக்கில் வரும், ஆனால் உங்கள் நல்ல கால்தான் உங்களுக்கு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் மூட்டு இன்னும் இறுகியிருக்கிறது என்று பொருள். இறுகிய கணுக்காலோடு குதித்து இறங்கினால் மறுபடி மடங்கும்.

பலத்துக்கு இரண்டு பயிற்சி போதும். ரப்பர் பட்டையை மேஜைக் காலில் கட்டி, பாதத்தின் வெளி விளிம்பால் வெளிப்பக்கம் இழுப்பது, 15 தடவை வீதம் மூன்று சுற்று. இதில் பாதத்துக்குப் பதிலாகத் தொடையைத் திருப்பிவிடுவது வழக்கம். முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு செய்தால்தான் வேலை வெளிப்பக்கத் தசைக்குப் போகும். இன்னொன்று குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் எழுவது, முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். எழும்போது எடை சுண்டுவிரல் பக்கம் நழுவினால் அது பிசகும் நிலையேதான். கட்டைவிரலின் அடிமேட்டில் எடை நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் 20 முதல் 25 தடவை, நல்ல காலுக்குச் சமமாக வரும்வரை தொடருங்கள்.

கேள்வியில் உள்ள பையனுக்குத் தவறிப்போனது அநேகமாக இதற்கு அடுத்த கட்டம். ஜவ்வு வெறும் கயிறு மட்டுமில்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அந்தத் தகவல் குறைந்துபோகிறது என்ற விளக்கத்தை ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் உடன் உழைத்தவர்களும் 1965இல் முன்வைத்தார்கள். சாய்பலகையில் நிற்கும் பயிற்சி பெற்றவர்களுக்குத் தடுமாற்றம் குறைந்ததையும் காட்டினார்கள். கால் மடங்கத் தொடங்கிய பிறகு தசை சுதாரித்துப் பிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே சரியான கோணத்துக்கு வர வேண்டும், தசை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அதைப் பயிற்சியால் மட்டுமே திரும்பப் பெற முடியும்.

சோதித்துப் பாருங்கள். வெறுங்காலோடு, கையைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் 30 வினாடி. நல்ல காலில் முதலில், பிறகு அடிபட்ட காலில். வித்தியாசம் சட்டென்று தெரியும். அங்கிருந்தே தொடங்குங்கள், எட்டிப் பிடிக்கச் சுவர் பக்கத்தில் இருக்கட்டும். தடுமாறாமல் ஒரு நிமிடம் நிற்க முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு. அடுத்து மடித்த தலையணை மேல். அடுத்து சுவரில் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டு. பிறகு ஒற்றைக் காலில் நின்று மறுகாலை எட்டுத் திசையிலும் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நீட்டித் தரையைத் தொட்டு மீள்வது. விரல்களைத் தரையில் கவ்விக்கொண்டு நிற்பது ஏமாற்று வேலை; விரல்கள் தளர்ந்து விரிந்திருக்க வேண்டும். நெதர்லாந்தில் 500க்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு 8 வாரம், வாரம் மூன்று நாள் வீட்டிலேயே இத்தகைய சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்கு மறுபடி பிசகுவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத ஒரு சிகிச்சைக்கு இது பெரிய பலன். இதைத்தான் பெரும்பாலோர் செய்யாமல் விடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

இந்தப் பையன் இப்போதும் அதைத் தொடங்கலாம். ஆறு வாரம் தாமதமானதால் வாய்ப்பு போய்விடவில்லை. சாயங்கால வீக்கம் சில மாதம்கூட நீடிக்கலாம். அது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். மேலே சொன்னபடி எலும்பை அழுத்திப் பார்த்து வலி இருந்தால் இப்போதாவது எக்ஸ்ரே எடுங்கள். நடக்கும்போது மூட்டின் ஆழத்தில் வலி, உள்ளே ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி பிடிப்பு இருந்தால் எலும்பின் மேலுள்ள குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். அது எக்ஸ்ரேயில் தவறிப்போவதுண்டு, எம்ஆர்ஐ வேண்டியிருக்கும்.

மறுபடி வாலிபால் ஆட நாள் கணக்குப் பார்க்காதீர்கள். சுவர் அளவு இரண்டு காலிலும் ஏறக்குறைய சமம், ஒற்றைக்காலில் நுனிக்கால் எழுவது சமம், ஒற்றைக்காலில் முன்னும் பக்கவாட்டிலும் குதித்து இறங்கி ஆடாமல் நிற்க முடிகிறது, வேகமாக ஓடித் திரும்பினால் பயமில்லை. இத்தனையும் வந்தபின் ஆடலாம். முதலில் தனியாகக் குதித்து அடிக்கும் பயிற்சி, பிறகு வலையருகே இன்னொருவரோடு, கடைசியில்தான் ஆட்டம். ஆடும்போது மட்டும், லேஸ் வைத்த ஆங்கிள் பிரேஸை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை போடட்டும். பிரேஸ் போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்ற பயம் வேண்டாம், பயிற்சியை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

ஆபரேஷன் பேச்சு எப்போது வரும் என்றால், மூன்று மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்தும் சமதரையிலேயே கால் மடங்கி, பரிசோதனையில் மூட்டு தளர்ந்திருப்பதும் உறுதியானால். வழக்கமாகச் செய்வது, ஸ்வீடன் மருத்துவர் லென்னார்ட் ப்ரோஸ்ட்ரோம் 1966இல் விவரித்த முறையும் அதன் மேம்பட்ட வடிவங்களும்தான்: தளர்ந்த ஜவ்வை இழுத்துச் சுருக்கி எலும்போடு தைப்பது. நல்ல பலன் தரும் ஆபரேஷன். அதற்குப் பிறகும் சில வாரம் கட்டு, அப்புறம் பிசியோதெரபிஸ்ட் கொடுக்கும் பட்டியலில் ரப்பர் பட்டை, நுனிக்கால், ஒற்றைக்கால் நிற்பது எல்லாம் இருக்கும். விளையாட்டுக்குத் திரும்ப நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும்.